குதிரை போன வீடு

எங்கள் ஊர்ச் சதுரங்கப் போட்டியில் வெட்டுப்பட்ட காய், வெட்டியவர் வீட்டுக்குக் குடிபோய்விடும். சிப்பாய்கள் மொட்டை மாடியில் படுத்துக்கொள்வார்கள். யானை வந்தால் மட்டும் கொல்லைச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

என் குதிரை ஒன்றை ஆவுடையப்பன் வெட்டிப் பல வருஷமாகிறது. அன்றிலிருந்து ஒற்றைக் குதிரையோடுதான் ஆடுகிறேன். போன குதிரை அவர் வீட்டு அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு என் வாசல் வழியாகப் போகும். இரண்டு அடி நேரே, ஓர் அடி பக்கவாட்டில். ஒருநாளும் என் வீட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை. குதிரை மேல் எனக்குக் கோபமில்லை. ஆவுடையப்பன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்தபோதும் போகவில்லை.

போன காயை மீட்க ஒரு வழி உண்டு. நம் சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால், ஒரே ஒரு காயைத் திரும்பக் கூப்பிடலாம்.

இந்த வருஷம் இறுதி ஆட்டம் எனக்கும் அவருக்கும். கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் ராணி பாதியிலேயே வெட்டுப்பட்டு, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டான்.

"யாரைக் கூப்பிடணும் அண்ணாச்சி?" என்று நடுவர் கேட்டார்.

"ராணியைக் கூப்பிடும்வே," என்றார் ஆவுடையப்பன். "கோப்பை உமக்குத்தான்."

"தெரியும்."

"குதிரையைக் கூப்பிட்டா நீரு தோத்தீரு."

"அதுவும் தெரியும்வே."

"பின்ன என்ன யோசனை? என் வீட்டுல புல்லுக்கட்டு மிச்சம் கிடக்கு, பாத்துக்கிடும்."

"குதிரை," என்றேன் நடுவரிடம்.

வாயில் தவிடு ஒட்டியிருக்க, குதிரை வந்து கட்டத்தில் நின்றது. கொஞ்சம் பெருத்திருந்தது. ஆவுடையப்பன் யானையை நகர்த்தி என் ராஜாவுக்குச் செக் வைத்தார். ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

ராஜாவை வெட்டுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ராஜாவுக்குப் பதில் தோற்றவர்தான் வென்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். குதிரை என் வீட்டுக்குப் போயிற்று. நான் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். அங்கே என் ராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகங்கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் அரிசி மூட்டையை என் முதுகில் ஏற்றினார்கள். இரண்டு அடி நேரே, ஓர் அடி பக்கவாட்டில் என்று நடந்து என் வீட்டைக் கடந்தேன். வாசலில் குதிரை கனைத்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.