மாதிரிக்கு ஒன்று

கீதா ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தனபால் மாமா குனிந்து கடைக்குள் நுழைந்தார். அம்மாவின் தம்பி. செய்தி கேட்டதும் பல்லடத்திலிருந்து பைக்கிலேயே கிளம்பியவர், வெறுங்கையோடு வந்திருந்தார்.

காலையிலிருந்து வந்த உறவினர் எல்லோருமே அப்படித்தான் வந்தார்கள். துணிக்கடைக்காரர் வீட்டுச் சாவுக்கு யாராவது கோடித்துணியை வெளியில் வாங்குவார்களா? கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள். வியாபாரிகள் சங்கத்தின் மூத்த உறுப்பினரான அவள் அப்பா திருமலைசாமி இறந்துவிட்டார் என்று, பெரியநாயக்கன்பாளையம் கடைவீதியும் மரியாதைக்காக மூடிக் கிடந்தது.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்ட ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டியதும் மச்சினன் கோடிதான் முதலில் போர்த்த வேண்டும். இன்னும் அரை மணி நேரம்.

“அந்தா, அந்த எட்டு முழ வேட்டிய எடு கண்ணு,” என்றார் மாமா.

“அது காட்டறதுக்கு வெச்சதுங்க மாமா. விக்கறதுக்கில்லீங்க.”

“செரி, விக்கறது எங்கிருக்குது?”

“பல்லடத்துலீங்க.”

மாமா அவளையே பார்த்தார். “நான் அங்கிருந்துதான கண்ணு வாரேன்.”

கடை இயங்கும் விதம் அப்படி. ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றே ஒன்று தட்டில் இருக்கும். வருகிறவர் தொட்டுப் பார்ப்பார், விரித்துப் பார்ப்பார், பிடித்திருந்தால் அட்டையிலுள்ள கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்வார். பல்லடம் குடோனிலிருந்து மறுநாள் புதுத் துணி வீட்டுக்குப் போய்விடும். சரக்கு அடுக்க இடம் வேண்டாம், எலிக்கும் மழைக்கும் பயப்பட வேண்டாம். போனில் வாங்குகிறவர்களுக்குக் கிடைக்காதது துணியைத் தொட்டுப் பார்ப்பது மட்டும்தான். இனிக் கடை அதற்கு இருந்தால் போதும் என்று இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு அவள்தான் விளக்கினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, உடனே வேண்டும் என்று வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்றார். நூற்றுக்கு நாலு பேர்தான் அப்படி என்று அவள் சொன்னாள்.

இப்போது குடோனுக்குப் போன் செய்தாள். ஆர்டர் இல்லாமல் ஒரு துணிகூட வெளியே போகக்கூடாது என்பது அவளே போட்ட விதி. அங்கே வேலை பார்க்கும் ஜெப்ரி அதைச் சொல்லத் தயங்கிவிட்டு, தானே எடுத்து வருவதாகச் சொன்னான். எப்படி வந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவள் போனை மேஜைமேல் எறிந்தாள்.

“எதுத்தாப்புல துணிக்கட சுஃப்யான் பாயக் கேட்டா, தொறந்து குடுத்துட்டுப் போறாரு,” என்றார் மாமா.

“நாப்பது வருசம் இந்த ஊருக்கே துணி குடுத்தவருங்க மாமா. அவருக்குப் போயி அடுத்த கடைத் துணியா?”

மாமா தட்டிலிருந்த எட்டு முழத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பு ஓரத்தில் லேசாக அழுக்கேறியிருந்தது.

“எத்தன பேரு தொட்டுப் பாத்ததோ. இது கோடியாகாது கண்ணு.”

எத்தனை பேர் என்பது கீதாவுக்குத் தெரிந்த விஷயம். ஒவ்வொரு தட்டின் அடியிலும் எடையை உணரும் பட்டை இருந்தது. துணி ஒவ்வொரு தடவை தூக்கப்படும்போதும் எண் ஒன்று கூடும். யாருக்கும் பிடிக்காததை எடுத்துவிட்டு வேறு வைப்பதற்காக அவள் மாதாமாதம் பார்க்கும் பட்டியல் அது. மேஜைமேலிருந்த டேப்லெட்டைத் திறந்தாள். எட்டு முழம், இருநூற்றுப் பதினேழு. அடுத்தது நூற்று நாற்பது. எரிச்சலோடு பட்டியலைக் கடைசிவரை தள்ளினாள்.

மேல் தட்டு மூலை. காடா வேட்டி. 0.

கரையில்லாத, வெளுக்காத துணி. சாவுக்கு மட்டுமே எடுப்பது என்று தெரிந்ததால் வாடிக்கையாளர் யாரும் அதில் கை வைத்ததில்லை. இடத்தை அடைக்கிறது என்று மாதாமாதம் அப்பாவிடம் சண்டை போட்டிருந்தாள். “இருக்கட்டும் அம்மணி, அது சோறா கேக்குது?” என்பார். போன வாரமும் அதையே சொன்னார். போன வாரம் அவள் கத்திவிட்டாள். அப்படியும் இவ்வளவு நேரம் அது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு அது துணியாகவே பதிந்திருக்கவில்லை. பட்டியலில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“மேல மூலையில இருக்குதுங்க. நீங்களே எடுங்க மாமா. அத யாரும் தொடலீங்க.”

அவர் ஏறி, இரண்டு கையாலும் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். கஞ்சி வாசம் அப்படியே இருந்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறினார்.

பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கீதா டேப்லெட்டை மூடப் போனாள். பூஜ்யம் ஒன்றாகியிருந்தது. சற்றுப் பொறுத்து, துணி தட்டுக்குத் திரும்பாததால், வாடிக்கையாளர்களுக்காக அவள் எழுதி வைத்திருந்த வரி திரையில் வந்தது.

‘பார்த்துவிட்டீர்களா? எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.’

அவள் விளக்கை அணைத்தாள். இருட்டில் அந்த வரி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.