மஞ்சளா பச்சையா என்று சொல்ல வேண்டியவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்து, "மாப்ள, இதை ஒரு கதையா எழுதிரு. நீ எழுதுறதை எல்லாம் உங்கக்கா படிப்பா" என்றார். அக்கா படிப்பது பிழை கண்டுபிடிக்கத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: 'கடல் என்பது…' (அடித்துவிட்டேன். அறுபது லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு பீடிகையா?)

இரண்டாவது தொடக்கம்: லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தார். (தொழிலை மாற்றியிருக்கிறேன். அது அவர் போட்ட நிபந்தனை.) தொட்டியில் உப்பு நீரும் பவளப்பாறைத் துண்டுகளும் மட்டுமே இருந்தன. பாறையில் நல்ல பாக்டீரியா பெருகி, தண்ணீரிலுள்ள அம்மோனியா நஞ்சைத் தீர்ப்பதற்காக ஆறு வாரம் மீன் விடாமல் ஓட்டிய தொட்டி. தீர்ந்ததா என்பதைச் சோதனைக் குழாய் காட்டும். மருந்து சொட்டியபின் தண்ணீர் மஞ்சளாக நின்றால் மீன் விடலாம். பச்சையானால் கூடாது.

"சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னு கடைக்காரர் சொல்லிட்டார்" என்றாள் மனைவி. "ரெண்டு கோமாளி மீன், நல்ல ஜோடி. நீங்க பார்த்துச் சொன்னாத்தான் வாங்குவேன்."

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அதை அவளிடம் சொன்னதில்லை.

"நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பதினோரு வருடம் எப்படி மறைக்க முடியும்? கேட்டேன். "சட்டையெல்லாம் அவதான் எடுத்துத் தருவா. பழம் வாங்கினா தொட்டுப் பார்த்து வாங்குவேன்" என்றார்.

போன வருடம் இதே தொட்டியில் இன்னொரு ஜோடி இருந்தது. அக்கா மூன்று மாதம் கடைக்கு நடந்து தேர்ந்தெடுத்தவை. மஞ்சள்தான் என்று சொல்லி விடச் சொன்னவர் இவர். மறுநாள் காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் அக்கா. இரண்டு நாள் பேசவில்லை.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: அத்தானைப் போல நிதானமானவர் கிடையாது. செருப்பு மாட்டவே ஐந்து நிமிடம் ஆகும்.]

அவசரக்காரன் என்ற பட்டத்தை அவர் பேசாமல் வாங்கிக்கொண்டார். கண்ணைப் பற்றிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. எனக்கு இதில் கோபம்தான். அக்கா அந்த மீன்களுக்காக அழுதாள்.

4

முடிவுகள்.

(அ) "நீயே பாரேன்" என்று குழாயை அவளிடம் நீட்டுகிறார். மீன் பிழைக்கும். கூடவே பொய்யும் பிழைத்துப்போகும். வேண்டாம்.

(ஆ) குழாயைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். இது நிஜமாகவே நடந்தது. தொட்டியின் நீல விளக்கில் எடுத்த படம். அவர் கையே நீலமாக இருந்தது. "எனக்கும் தெரியல அத்தான்" என்றேன். பகலில் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். பொய் இன்னொரு தடவை பிழைக்க வேண்டாமென்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அப்போதுதான் கதை எழுதச் சொன்னார்.

(இ) நான் எழுதியதை அக்கா படிக்கிறாள். படித்துவிட்டு அவள்…

இங்கே நிறுத்திவிட்டு அவரை அழைத்தேன்.

"அத்தான், எழுதிட்டேன். ஆனா அக்காவுக்குக் காட்ட மாட்டேன். நீங்க உங்க வாயால சொன்னப்புறம்தான் இது அச்சுக்குப் போகும்."

"திட்டுவாளே, மாப்ள."

"திட்டுவா. கண்ணுக்காக இல்ல. மறைச்சதுக்கு."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லணுமா?"

"மீன் வர்றதுக்குள்ள."

5

முடிவு எழுத மறுக்கிறேன். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். அக்கா எத்தனை நாள் பேசாமலிருந்தாள், மீன்கள் வந்தனவா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முடிவில் தண்ணீர் பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. அது பச்சை என்று அவருக்குச் சொல்ல, பக்கத்தில் அவள் நிற்கட்டும்.