லம்துவான் கொடுத்த ரத்தம்

டாக்டர் ரட்சனி பரிசோதனை முடிவை பைதூனிடம் சொன்னார். பழைய ரத்தப் புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

"உங்க ரத்தத்துல கொஞ்சம் அணுக்கள்ல மரபணு மாறியிருக்கு. அது புத்துநோய்க்காக உங்க அக்கா எலும்பு மஜ்ஜையிலேர்ந்து தானம் குடுத்த அணுக்கள்தான். குடுக்கும்போதே அவங்ககிட்ட அப்படி மாறுன அணு ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். உங்க உடம்புல பெருகியிருக்கு."

"புத்துநோயா மாறுமா டாக்டர்?"

"பெரும்பாலும் மாறாது. அபூர்வமா மாறலாம். விடாம கவனிக்கணும். அக்காவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களையும் பாத்துடலாம்."

அவன் கூட்டிப் போகவில்லை. உடோன் நகருக்குப் போகும் சாலையில் பஸ் ஓட்டும்போதெல்லாம் டாக்டர் சொன்னதே காதில் ஓடியது. ஈறில் துளி ரத்தம் பார்த்தால் நோயின் அறிகுறியோ என்று கண்ணாடி முன்னாலேயே நின்றான். அதைவிடப் பெரிய கவலை, அக்காவிடம் எப்படிச் சொல்வது?

தாய்லாந்தின் கோன் கேன் நகரில், பஸ் நிலையத்துக்கு எதிரே அக்கா லம்துவான் பப்பாளிக்காயையும் மிளகாயையும் உரலில் இடித்து சாலட் விற்றாள். தம்பி வந்து உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வாள்: "இவன் உடம்புல ஓடுறது என் ரத்தம். அதான் இப்பல்லாம் இவ்ளோ மிளகாய் திங்கிறான்!"

ஒருநாள் அவள் முழங்கையில் நீலமாய் ஒரு கன்றல் தெரிந்தது. ரத்த நோயின் அறிகுறியோ என்று பைதூன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"எப்படிக்கா இது?"

"தள்ளுவண்டியில இடிச்சுக்கிட்டேன். ஏன்டா இப்படி உத்துப் பாக்குற?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். உரலில் இடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"நானாடா உனக்கு இதைக் குடுத்தேன்?"

"நீ குடுக்கலைன்னா நான் அப்பவே போயிருப்பேன்க்கா. நான் இப்ப பயப்படறது உனக்காக."

"இத்தனை நாள் மூடி வெச்சிருந்தியே, கழுதை!" என்றாள். மறுநாள் கடையைத் திறக்காமல் அவனுடன் வந்தாள்.

அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அவளிடமும் அதே மாற்றம் இருந்தது, மிகச் சிறிதாக. நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் வரவேண்டும்; இந்த மாற்றம் இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சிகரெட்டை விட்டுடு," என்றாள் வெளியே வந்ததும்.

"சரிக்கா."

"சத்தியமா?"

அவன் பையிலிருந்த சிகரெட் பெட்டியை அவளிடமே கொடுத்தான். பயம் போகவில்லை. அடுத்த பரிசோதனை வரை அதைச் சுமக்க இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.