குழாய் தனி, வலை தனி

கப்பலில் எது வந்து இறங்கினாலும் அதற்குச் சுங்க வரிப் பட்டியலில் ஒரு தலைப்பு தேட வேண்டும். தலைப்பைப் பொறுத்துத்தான் வரி. தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. நான் சுங்கத் தரகன், அதாவது இறக்குமதி செய்கிறவருக்கும் சுங்கத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன். ஹேண்ட்பால் சாமான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து விளையாட்டுப் பொருள், வரி குறைவு. அதே ஆட்டத்துக்கான ஷூவை அரங்கத்தை விட்டு வெளியே ஒருவரும் போடமாட்டார், ஆனாலும் அது செருப்புக் கணக்கில்தான் வரும். பந்து வழுக்காமலிருக்கக் கையில் தடவும் பிசின் வெறும் பசை. இதற்கெல்லாம் ஆத்திரப்பட்ட காலம் எனக்குப் போய்விட்டது. ஒரு கோல்போஸ்ட் விவகாரத்தை நினைத்தால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது.

அது என் மனைவியின் பிறந்த வீட்டு விவகாரம். அவளுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து விளையாட்டுச் சாமான் கடை நடத்தினார்கள். யார் கண் பட்டதோ, ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு கடையைப் பிரித்தார்கள். அலமாரி, மேசை, சுழல் நாற்காலி என்று ஒன்று விடாமல் பிரித்த பிறகு மிஞ்சியது, சேர்ந்திருந்தபோது ஆர்டர் கொடுத்திருந்த ஹேண்ட்பால் கோல்போஸ்ட்கள். புதிதாக உள்ளரங்கம் கட்டிய பள்ளிக்கூடங்கள் கேட்டிருந்தன. பெரியவர் தன் புதுக் கடையை அந்த ஒரு வியாபாரத்தை நம்பித்தான் திறந்தார். அது கை நழுவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முழுக் கோல்போஸ்ட்களாக ஆளுக்குப் பாதி எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அப்படிப் பிரிக்க இவர்களுக்கு மனசு வரவில்லை. பெரியவர் நீள நீளமான அலுமினியக் குழாய்கள் முழுவதையும் தன் பங்காகக் கேட்டு வாங்கினார். குழாய் இல்லாமல் அவன் வலையை எதில் கட்டுவான், என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்பது அவர் நினைப்பு. சின்னவனும் சளைத்தவன் இல்லை. வலை, மூலை இணைப்பு, கொக்கி, ஒட்டுகிற சிவப்பு வெள்ளைப் பட்டை எல்லாவற்றையும் அவன் எடுத்துக்கொண்டான். இது இல்லாமல் அவர் எப்படி விற்கிறார் பார்க்கலாம் என்று என்னிடமே சொன்னான். தொழிற்சாலைக்காரனுக்கு என்ன போயிற்று? இரண்டு பெயரில் இரண்டு பெட்டகமாகக் கட்டி ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கழற்றிக் கட்டியிருந்தாலும், எல்லாப் பாகமும் ஒருவர் பெயரில் ஒன்றாக வந்தால் சுங்கம் அதை முழுப் பொருளாக எடுத்துக்கொள்ளும். தனித்தனியாக வந்தால் குழாய் குழாய்தான், வலை வலைதான். பெரியவர் காதில் வாங்கவில்லை.

"நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க மாப்பிள்ளை. வீட்டு விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

சோதனைக்கு வந்த மதிப்பீட்டு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கறார் அம்மா. கிடங்கில் ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். ஒரு குழாயை மோதிர விரலால் தட்டினார், அதன் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையில் நின்ற என்னைப் பார்த்தார். கோல்போஸ்ட் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அதன் பிறகுதான் கையில் எடுத்தார்.

"இதுல ஜன்னல் பண்ணலாம், ஏணி பண்ணலாம். கோல்போஸ்ட்டுன்னு நீங்கதான் சொல்றீங்க, இது சொல்லலையே."

குழாய் என்றால் வரி பல மடங்கு. உள்ளூரில் குழாய் செய்கிறவர்களைக் காப்பாற்றப் போட்டிருக்கும் வரி அது. பள்ளிக்கூடங்கள் ஒத்துக்கொண்ட விலையில் அதைக் கட்டி மீளவே முடியாது. நான் அசடு வழிய, மிச்சப் பாகமும் இதே கப்பலில்தான் வந்திருக்கிறது என்றேன். அந்த அம்மாவைக் கறார் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும். சின்னவன் தன் சரக்கை அண்ணன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டால், இரண்டையும் ஒரே இறக்குமதி மனுவில் சேர்த்து கோல்போஸ்ட்டாகவே விடுகிறேன் என்றார். மறுநாள் வரை பொறுப்பதாகவும் சொன்னார்.

அன்று சாயங்காலமே என் மனைவி தம்பி கடைக்குப் போனாள். நானும் போனேன். பாதிப் பங்கில் வந்த அலமாரி ஒரு பக்கச் சுவரை மட்டும் மறைத்திருந்தது. அவன் டீ வரவழைத்தான். இவள் சின்ன வயதுக் கதையிலிருந்து ஆரம்பித்து, அண்ணன் கடை மூடினால் அண்ணி பிள்ளைகள் கதி என்ன என்பது வரை கெஞ்சினாள். குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும், "நீ எதுக்குக்கா வர்ற? அவர் கேக்கட்டும்" என்றான்.

அவள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரையோ வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பெரியவர் குரல் வந்தது.

"சரிடா. நான்தான் கேக்கறேன். கொடு."

அந்த மனிதர் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவன் டீ கிளாஸை நகர்த்தி வைத்தான்.

"காலையிலயே என் சரக்கை எடுத்துட்டேன். வலைக்கு உண்டான வரியைக் கட்டி, வேற ஏஜென்ட் வெச்சு. இனிமே சேக்க முடியாது, அத்தானுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். துறைமுகத்தை விட்டு வெளியே போனதைத் திரும்ப உள்ளே கொண்டு வந்து சேர்க்க எந்த விதியும் இல்லை. ஆனால் இதை அவன் நாங்கள் படியேறும்போதே சொல்லியிருக்கலாம். அக்காவை அழவிட்டு, அண்ணன் வாயால் கேட்க வைத்து, அதற்கப்புறம் சொன்னான். அவனை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். நான் என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் திருத்திய மனுவில் நான் அலுமினியக் குழாய் என்று எழுதினேன். பெரியவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடங்கள் வேறு கடைக்குப் போய்விட்டன. குழாய்களை ஜன்னல் செய்கிறவர் ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார், பெரியவர் வேறு வழியில்லாமல் கொடுத்தார். கடையும் போயிற்று. இப்போது ஒரு செருப்புக் கடையில், வருகிறவர்கள் காலடியில் குனிந்து உட்கார்ந்து அளவு பார்க்கிறார். சின்னவன் வலைகளைப் புறா வலை என்று சொல்லி விற்கிறான். மூலை இணைப்புகள் அவன் கடையில் மூட்டையாகக் கிடக்கின்றன.

போன வாரம் நான் வீடு திரும்பியபோது பால்கனியில் ஜன்னல்காரரின் ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விற்ற குழாயில் என் மனைவி சட்டம் போடச் சொல்லியிருந்தாள். தம்பியிடம் காசு கொடுத்து வலை வாங்கி அதில் தானே கட்டிக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப இதை என்னன்னு எழுதுவீங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "கோல்போஸ்ட்டு" என்றேன்.

"இல்ல. குழாய் தனி, வலை தனி" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.