கேள்வி கேட்காத ஆயிரம்

மருமகளுக்கு ‘மந்திரி’ என்று பட்டம் கொடுத்தவர் மாமனார்தான். நிதி மந்திரி என்று முழுசாகச் சொல்லத் தொடங்கி, நாளடைவில் நிதியைக் கழற்றிவிட்டார். மாதம் பிறந்ததும் தன் பென்ஷனை அப்படியே அவள் கையில் வைத்துவிட்டு, “வரவு வச்சுக்கோ மந்திரி. இந்த நடமாடும் கடனுக்கு ஒரு காபி மட்டும் போடு” என்பார்.

நடமாடும் கடன் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதில் தப்பில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்தபோது, வங்கியில் இருந்த பணம் ஆம்புலன்ஸுக்கும் முதல் நாள் அறைக்கும்தான் காணும். மிச்சத்துக்கெல்லாம் கடன். ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் ஜன்னல் முன்னால் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு நின்றதை அவள் மறக்கவேயில்லை. அன்று முடிவு பண்ணினாள், இனிமேல் இப்படி நிற்கக் கூடாது என்று.

அவள் வேலை பார்த்தது மருந்துக்கடையில். அங்கேயும் அதே பாடம்தான் தினமும் நடந்தது. “அட்டை முழுசா வேணாம்மா, பாதி வெட்டிக் குடுங்க” என்று கேட்பவர்களுக்குக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போதெல்லாம், நம் வீட்டுக்கு இந்த நிலை வரக் கூடாது என்று பயந்துகொள்வாள். மாதத் தவணை பதினெட்டாயிரம். அதோடு கடன் சீக்கிரம் தீரட்டும் என்று மூவாயிரம் கூடுதலாகக் கட்டினாள். அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் ஐயாயிரம் போட்டாள். அப்புறம் வாடகை, அரிசி, பால், மாமனாரின் மாத்திரை. கடைசியில் மிஞ்சுவது சில்லறை. அதையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற ஆள், வீட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்வந்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும்.

கடையில் கூட்டமில்லை. எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தூணுக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும் வெளியே தெரிந்தது. கம்பெனியின் நீல யூனிஃபார்ம். முழங்கை மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அந்த முழங்கையை அவளுக்குத் தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

“என்னங்க.”

அவன் திரும்பினான். மீசையில் க்ரீம். கையில் முக்கால்வாசி தின்ற சாக்லேட் கேக்.

“இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் கம்ப்ளெயின்ட்டு...”

“கேக்குக்குள்ளயா?”

“இல்ல... நாலாவது மாடியில. முடிச்சிட்டு வந்தேன். ஓவர்டைம் பணத்துல... ஒரே ஒரு பீஸ்தான் மந்திரி.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தாறு வயசு ஆம்பளை, திருட்டுப் பூனை மாதிரி தூணுக்குப் பின்னால் நின்று கேக் தின்கிறான்! கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தபிறகுதான் சிரிப்பு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆனது. அவன் யாருக்குப் பயந்து ஒளிந்தான்? கடன்காரனுக்கா? தனக்கல்லவா!

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டாள்.

“மாசம் மூவாயிரம் எக்ஸ்ட்ரா கட்டிட்டு இருக்கோம். அதை நிறுத்தறேன். ஆளுக்கு ஆயிரம். தவணையும் குறையாது, சேமிப்பும் குறையாது. கடன் மட்டும் இருபது மாசத்துக்குப் பதிலா இருபத்து நாலு மாசத்துல முடியும்.”

“நாலு மாசம் கூடவா?” என்று மாமனார் மோவாயைத் தடவினார். “அப்ப நானும் நாலு மாசம் சேர்த்து உசுரோட இருக்கணுமே. சரி, உனக்காக இருக்கேன்.”

“மாமா, விளையாடாதீங்க. இதுக்கு விதி இருக்கு. இந்த ஆயிரத்தை வீட்டுக்குச் செலவு பண்ணக் கூடாது. இன்னொருத்தருக்கு எதுவும் வாங்கக் கூடாது. சேர்த்து வைக்கலாம், ஆனா சொந்த ஆசைக்குத்தான். முக்கியமா, எதுக்குச் செலவு பண்ணேன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது.”

“நீ கூடவா கேக்க மாட்டே?” என்றான் கணவன், நம்பாமல்.

“நான் கூட.”

சொல்லிவிட்டாளே தவிர, கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. மாமனார் சலூனுக்குப் போனார். அடுத்த வாரமும் போனார். அதற்கு அடுத்த வாரமும் போனார். அவர் தலையில் மொத்தமே காதோரம் ஒரு பிடி முடிதான். எண்ணெய் மினுமினுக்கும் மண்டையோடும் பாதி மூடின கண்ணோடும் அவர் திரும்பி வரும்போது, மசாஜ் பண்ணிக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது. ‘அதை நான் வீட்டிலேயே தேய்த்துவிடுவேனே’ என்ற வார்த்தை நுனிநாக்குவரை வந்து, விதியை நினைத்து விழுங்கினாள். கணவன் சட்டையைத் துவைக்கப் போட்டால் பையிலிருந்து சினிமா டிக்கெட் விழுந்தது. ஒரே ஒரு டிக்கெட். மதியக் காட்சி. துரை தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட்டை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

இருவரும் கொஞ்சம் பூசினாற்போல் ஆனார்கள். சாப்பிடும்போது பேச்சு வந்தது. கணவன் மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

தன் ஆயிரத்தை அவள் என்ன செய்தாள்? முதல் மாதம் கைப்பையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் அலைந்தாள். பதினாறாம் நாள் ஃபோனை எடுத்து, அந்த ஆயிரத்தைக் கடன் கணக்குக்கே அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் உடம்பில் ஒரு குளிர்ச்சி. இதுவும் சொந்த ஆசைதானே என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அடுத்த மூன்று மாதமும் அதையே செய்தாள்.

அவள் மறந்தது ஒன்றே ஒன்று. கடன் கணவன் பேரில் இருந்தது. பணம் போய்ச் சேரும்போதெல்லாம் வங்கியின் செய்தி அவன் ஃபோனுக்குத்தான் வந்தது.

நாலாவது மாதக் கடைசியில், ஓவர்டைம் பணம் நாலாயிரத்தை மேசையில் வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தான். பக்கத்தில் மாமனார், தீர்ப்பு கேட்க வந்தவர் மாதிரி.

“நான் எதுவும் கேக்கல மந்திரி. விதி இருக்கு. சொல்ல மட்டும் செய்றேன். நாலு மாசம், நாலு மெசேஜ்.”

அவள் முகம் சிவந்துபோனது. “அது... வட்டி குறையுமேன்னு...”

“நான் கேக்கலைன்னேனே. எங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் குடுத்துட்டு நீ மட்டும் தியாகியா இருந்தா, அந்த கேக் எப்படிம்மா தொண்டையில இறங்கும்? அதுக்கு நான் தூணுக்குப் பின்னாலயே நின்னு தின்னிருப்பேன்.”

“எனக்கும் தலை மசாஜ் உறுத்துது” என்றார் மாமனார். “கொஞ்சமாத்தான். ஆனா உறுத்துது.”

“இந்த நாலாயிரம் உன்னோடது. இந்த வாரத்துக்குள்ள செலவாகணும். பேங்குக்குப் போச்சுன்னா எனக்கு மெசேஜ் வரும், ஞாபகம் வச்சுக்கோ.”

வியாழக்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு. கடைத்தெருவுக்குப் போனாள். கைப்பைக் கடையில் ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பினாள். ‘மூணு நாள் தவணை’ என்று மனசு கணக்குப் போட்டது. பை அலமாரிக்குத் திரும்பியது. செருப்புக் கடையில் ஒன்றரை நாள் தவணை. வாசனைத் திரவியம் அரை நாள் தவணை, ஆனால் மருந்துக்கடைக்குப் போட்டுக்கொண்டு போனால் டெட்டால் வாசனைதான் ஜெயிக்கும். அடுத்த கடையில் மடமடவென்று இரண்டு பொருளை எடுத்துக் கூடையில் போட்டாள். மாமனாருக்கு நல்ல காலுறை, கணவனுக்கு ஒரு டார்ச். கல்லாவுக்குப் போகும்போதுதான் உறைத்தது. இன்னொருத்தருக்கு வாங்கக் கூடாது. அவள் போட்ட விதி.

அவர்கள் இரண்டு பேருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சாமான் சொல்வாள். தனக்கு என்ன வேண்டும்? யோசித்துப் பார்த்தால் மழைக்குப் பின் வெறிச்சோடின மைதானம் மாதிரி ஒன்றுமே இல்லை. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்குப்போய் யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வாத்தியக் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டை, முழங்கைவரை சுருட்டின கை. சுமாராகக்கூட வாசிக்கவில்லை. இரண்டு தட்டுக்கு ஒரு தட்டு தப்பியது. ஆனால் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரிடமும் அனுமதி கேட்காத முகம். அவள் பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவது பஸ் போனபோது அவள் கடைக்குள் இருந்தாள்.

முடியைக் கட்டையாக வெட்டின ஒரு பெண்தான் ஆசிரியை. “எட்டு கிளாஸ், நாலாயிரத்து ஐந்நூறு.”

“கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?”

ஆசிரியை அவளை உற்றுப் பார்த்தாள். “நீங்க மருந்துக்கடை அக்காதானே? மூணு வருஷமா உங்க கிட்டதான் இன்ஹேலர் வாங்கறேன். ஒரு தடவையாவது ஒத்தக் காசு குறைச்சிருக்கீங்களா?”

கையிலிருந்த நாலாயிரத்தைக் கட்டிப் பேரைப் பதிந்தாள். வீட்டுக்கு வந்து, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள்: “ஒரு ஐந்நூறு கடனாக் குடுப்பீங்களா? அடுத்த மாசம் திருப்பிடறேன்.”

“அப்பா!” என்று அவன் கத்தினான். “சீக்கிரம் வாங்க! மந்திரி கடன் கேக்கறாங்க!”

சனிக்கிழமை காலை வகுப்பு தொடங்கியது. முதல் நாள் அவள் பிடித்த பிடியில் குச்சி வியர்த்தது. மெல்லத் தட்டினாள், தூங்குகிற நோயாளியை எழுப்பப் பயப்படுகிறவள் மாதிரி. “அடிங்கக்கா, அது ஒண்ணும் திருப்பி அடிக்காது” என்றாள் ஆசிரியை. மூன்றாவது வகுப்பில் கொஞ்சம் பிடிபட்டது. நாளெல்லாம் மாத்திரையைப் பத்துப் பத்தாக எண்ணுகிறவளுக்கு நாலுவரை எண்ணுவதா பெரிசு? கடையில் கூட்டமில்லாத நேரம் இரண்டு பேனாவால் கல்லாப்பெட்டி மேல் தட்டினாள். வீட்டில் குக்கர் மூடியில் தட்டினாள். ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க முடியாமல் மாமனாருக்கு மூச்சு முட்டியது. “டாக்டர் என்னைய எதையும் மனசுல அடக்கிவைக்கக் கூடாதுன்னாரு” என்று தூண்டில் போட்டுப் பார்த்தார். அவள் மாட்டவில்லை.

நாலாவது வாரம் கணவனின் ஸ்கூட்டர் நடுரோட்டில் படுத்துவிட்டது. இன்ஜின் வேலை, ஏழாயிரம். அவளுக்குள் பழைய பயம் விழித்துக்கொண்டது. நேரே வாத்தியக் கடைக்குப் போனாள்.

“மிச்சம் அஞ்சு கிளாஸ் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

ஆசிரியை சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். கட்டிய பணம் திரும்பத் தரப்படாது.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா? அதற்கு அவள் ரத்தம் ஒப்பவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபத்தில் அன்றைக்கு அவள் அடித்த அடியில் ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “இதைத்தான்க்கா மூணு வாரமா கேட்டுட்டு இருந்தேன்!”

சாயங்காலம் கணவன் ஸ்கூட்டர் சாவியை மேசையில் போட்டான். “சேமிப்புக் கணக்குல இருந்து ஏழாயிரம் எடுத்துக் கட்டிட்டேன். திட்டாத. அதுக்குத்தானே அதை வச்சிருக்கே?”

அவள் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஆமாம். அதற்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் இந்த ஏழாயிரத்துக்கு நாலு பேருக்கு ஃபோன் போட்டிருப்பார்கள். இப்போது யாருக்கும் போடவில்லை. அன்று அவள் கணக்கே எழுதாமல் படுத்தாள். நன்றாகத் தூக்கம் வந்தது.

அதன்பிறகு ஆயிரத்தைச் சேர்த்து வைத்து அடுத்த எட்டு வகுப்புக்குக் கட்டினாள், அப்புறம் இன்னொரு எட்டு. அடுத்த வருடக் கடைசியில் வாத்தியக் கடை மாடியில் மாணவர்களின் நிகழ்ச்சி. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பிறகு எழுந்து மேடைக்குப் போனாள்.

மூன்று நிமிடம் வாசித்தாள். நடுவில் ஒரு இடம் தப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சுற்றில் பிடித்துவிட்டாள். முடிந்து நிமிர்ந்தபோது கணவன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். மாமனார் எழுந்து நின்று கைதட்டினார்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள், படியிறங்கும்போது.

“சத்தமா இருந்துச்சு” என்றான் கணவன். கொஞ்ச தூரம் போய், “ரொம்ப நல்லா சத்தமா இருந்துச்சு” என்றான்.

கடன், சொன்னபடி, இருபத்து நாலாவது மாதம் முடிந்தது. வங்கியின் கடைசிச் செய்தியை மூவரும் மாறிமாறிப் படித்தார்கள். இனி மிச்சமாகும் பதினெட்டாயிரத்தில் பன்னிரண்டு சேமிப்புக்கு என்று மந்திரி அறிவித்தாள். ஆளுக்கு ஆயிரம் என்பது ஆயிரத்து ஐந்நூறு ஆனது. பாக்கியிருந்த நாலாயிரத்து ஐந்நூறைப் பற்றிப் பேச்செடுக்கும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது.

“பழைய ட்ரம் செட் ஒண்ணு விலைக்கு வருதாம். மூணு மாசத் தவணையில குடுக்கறாங்க.”

“வாங்கிடலாம்” என்றான் கணவன். “எங்க வைக்கறது? ஹால்ல இடமில்லையே. அப்பா ரூம்ல...”

“என் ரூம்லயா?” மாமனார் எழுந்துவிட்டார். “டாக்டர் எனக்குச் சத்தமே ஆகாதுன்னு சொல்லியிருக்காரு.”

“டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லையே மாமா.”

“இன்னும் சொல்லல” என்று அவர் செருப்பை மாட்டினார். “இப்ப போய்ச் சொல்ல வச்சுட்டு வரேன்.”