மற்றவை

பம்பு உதிரிபாகக் கடையில் பதினெட்டு வருஷமாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் எல்லோருக்கும் அக்கா. சாமான்களுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். ஒரு பக்கம் நீண்ட வாஷர் மூக்கன். பல் இல்லாத வளையம் பொக்கைவாய். கடைக்கு வருகிறவர்களும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டார்கள்.

அவள் மூன்று நாள் லீவில் இருந்தபோது, முதலாளியின் மாப்பிள்ளை புது சாஃப்ட்வேர் போட்டுவிட்டான். திரும்பி வந்தவள், தன் கையால் ஒட்டிய சீட்டுகளைக் குப்பைக்கூடையில் பார்த்தாள். பெயர் தெரியாத சாமானெல்லாம் ஒரே பெட்டியில் கொட்டிக் கிடந்தன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா தம்பி?"

"இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம்க்கா. கம்ப்யூட்டரே சொல்லும்."

அப்போது பிளம்பர் வந்தார். "அக்கா, ரெண்டு மூக்கன். மூணாவது மாடிக்குச் சொட்டுத் தண்ணி ஏறல."

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். "மூக்கன்னு எதுவும் இல்லையே."

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சே! மூக்கறுத்துட்டீங்களா?"

திரையில் ஒரே வரி: மற்றவை – 412.

"எந்த மத்தவை, மாப்ள?" என்றார் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி.

பதற்றத்தில் மாப்பிள்ளை வேறெதையோ அழுத்தினான். ஊழியர் பட்டியல் திறந்தது. மேலாளர். விற்பனை. டிரைவர். கடைசியில் அக்காவின் படம். அதற்கு நேரே: மற்றவை.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"அது சும்மாக்கா. உங்க வேலைக்கு லிஸ்ட்ல பேரு இல்ல."

"வேலை இருக்கு, பேரு இல்லையா?"

"மூக்கனை எடுத்துக் குடும்மா. அப்புறம் பேசிக்கலாம்," என்றார் முதலாளி.

"மத்தவைகிட்ட ஏன் கேக்குறீங்க? கம்ப்யூட்டர்கிட்ட கேளுங்க."

"நான் என்னக்கா பாவம் பண்ணேன்?" என்றார் பிளம்பர்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. உக்காருங்க."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளையை வைய முடியாது. அவளை விடவும் முடியாது. "அவங்க சொல்றதப் போடுங்க, மாப்ள."

"ஸ்டோர் பொறுப்பாளர்," என்றாள்.

அடித்தான். திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே அவள் பெட்டியைத் தூக்கி வந்து அவன் மேசைமேல் கவிழ்த்தாள். குவியலுக்குள் கைவிட்டு, பார்க்காமலே இரண்டு மூக்கன்களை எடுத்து பிளம்பரிடம் கொடுத்தாள். மூன்றாவதை அவன் கண்முன் நீட்டினாள்.

"இப்ப இது. அடிங்க."

அடித்தான்.

"முக்கன் இல்ல. நெடில். மூ!"

அழித்தான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்ததை எடுத்தாள்.

"பொக்கைவாய். நடுவுல 'க்' வரும், விட்டுடாதீங்க."