நாஸ்டிக்: நான்கு வரி

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் என் பொறுப்பு 'ந' பகுதி. 'நாஸ்டிக்' என்ற சொல்லுக்குப் பதினொரு வரி எழுதிக் கொடுத்தேன். நாத்திகத்துக்குப் பங்காளியா என்று கேட்டார் தலைமைப் பதிப்பாசிரியர். இல்லை, கடவுள் விஷயத்தில் இவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கம் நிரம்பிவிட்டது, நான்கு வரியில் முடி என்றார்.

எங்கள் வழக்கம் கடைசியிலிருந்து வெட்டுவது. அறிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல், ஆதிக் கிறித்துவக் காலத்துக் குழுக்கள், உள்ளே உணரும் அறிவே விடுதலை தரும் என்றவர்கள் என்பதெல்லாம் முன்னால் இருந்ததால் தப்பித்தது. உலகத்தைப் படைத்ததே ஒரு மட்டமான கடவுள், உடம்பு ஒரு சிறை என்று அவர்களில் பலர் நம்பியதும், இன்று ரகசிய ஞானம் கைவசம் இருப்பதாகச் சொல்லும் எவரும் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதும் பின்னால் இருந்தன. போயின. அன்றைக்கு எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாதாடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு என் தங்கை ஒரு 'நாஸ்டிக் வட்ட'த்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பல் மருத்துவர் வீட்டு மாடியில் நடந்தது. நடத்தியவன் அதற்குமுன் இன்சூரன்ஸ் விற்றவன். உடம்பு வெறும் சட்டை, அதைத் தைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் அறியாதவர்கள் என்று சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை பயந்துபோய் எனக்கு போன் செய்தபோது ஏழு மாதம் ஓடியிருந்தது. அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எலும்புவரை பரவிவிட்டது, இனி வலியைத்தான் குறைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவ்வளவு படித்தவள் ஒரு புளுகனை எப்படி நம்பினாய் என்று அவளையும் விடவில்லை. அவள் கோபப்படவில்லை.

"எனக்கும் மொதல்ல சந்தேகமாத்தாண்ணா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நீ குடுத்த கலைக்களஞ்சியத்துல எடுத்துப் பாத்தேன். தப்பா ஒண்ணும் போடலியே."

"அது முழுசு இல்லம்மா. இடமில்லன்னு வெட்டிட்டேன்" என்றேன்.

"அந்தாள யாருண்ணா நம்பினா? நான் ஒன்னத்தான் நம்பினேன்."